400 மெகாஹெர்ட்ஸில் மாட்டிக்கொண்ட லேப்டாப்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் வந்தாள். தோளில் லேப்டாப் பை. முகம் உம்மென்று இருந்தது. "மாமா, நீங்கதானே இதுல லினக்ஸ் போட்டுக் கொடுத்தீங்க? ஒரு எழுத்து தட்டினா, அது திரையில வர்றதுக்குள்ள கீழே போய் தே தாரிக் குடிச்சிட்டு வந்துடலாம்."

திறந்து பார்த்தேன். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாள், ஆனால் பொய் சொல்லவில்லை. ஒரு வரி தட்டி முடித்துக் கையை எடுத்த பிறகும் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. லினக்ஸ் இயங்குதளத்தில், மூன்று வாரம் முன்புவரை ஒழுங்காக ஓடிய இயந்திரம். உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-8250யு. 2017இல் வந்த பிராசசர், நான்கு கோர், அதாவது உள்ளே நான்கு வேலையாட்கள். பழசுதான். ஆனாலும் ஒரு வரி தட்டுவதற்கே திணறும் அளவுக்குப் பழசு அல்ல.

இந்த மாதிரி லேப்டாப் எனக்கு வருடத்தில் நாலைந்து வரும். சொந்தக்காரர்கள், நண்பர்களின் பிள்ளைகள், ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வயசாயிடுச்சு போல." பிராசசருக்கு அப்படி வயதாகி நடை தளர்வதில்லை. பெரும்பாலும் ஒன்று முழுதாக ஓடும், இல்லையென்றால் ஒரேயடியாகச் செத்துப்போகும். அது மெதுவாக ஓடுகிறது என்றால், யாரோ அதை மெதுவாக ஓடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 'யாரோ' யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

துடிப்பும் வெப்பமும்

பிராசசருக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது தன் வேலையில் ஓர் அடி எடுத்து வைக்கிறது. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதைத்தான் மெகாஹெர்ட்ஸ், கிகாஹெர்ட்ஸ் என்று சொல்கிறோம். 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடி துடிப்பு. அக்கா மகளின் பிராசசருக்கு அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். அவசரம் வந்தால், சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால், 3.4 வரை ஏறும். அதற்கு 'டர்போ' என்று பெயர். வேலை இல்லாதபோது 400 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்கி உட்காரும்.

ஏன் இறங்க வேண்டும், எப்போதும் உச்சத்திலேயே ஓடினால் என்ன என்று கேட்கலாம். பிராசசருக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்சுகள் மாறி மாறி அணைந்து எரியும்போது செலவாகும் மின்சாரம், துடிப்பு வேகத்தோடு கூடுகிறது. மின்னழுத்தத்தோடு அதைவிட வேகமாக, அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே செலவு 19 விழுக்காடு இறங்கிவிடும். செலவான மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதனால்தான் லேப்டாப் எந்நேரமும் வேகத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது. சும்மா இருக்கும்போது 800 மெகாஹெர்ட்ஸ் காட்டுகிறதே என்று பதறிப்போய்ச் செய்தி அனுப்புகிறவர்கள் உண்டு. அது கோளாறு இல்லை, சிக்கனம்.

பினாங்குத் தீவில் இருக்கிற நமக்கு இந்தச் சமாசாரம் அவ்வளவு தூரத்துக் கதை இல்லை. 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது இங்கேதான், பாயான் லெப்பாஸில். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியும் அதே வருடம் வந்தது. பழைய மேசைக் கணினிப் பிராசசர்களைக் கழற்றிப் பார்த்தால் முதுகில் 'மலாய்' என்று பொறித்திருக்கும். என் சித்தி அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவர். "சூடு பண்ணித்தான்டா பார்ப்போம். குளிர்ல எல்லாம் நல்லாத்தான் ஓடும்" என்பார். லேப்டாப் கோளாறு பார்க்கிறவர்கள் சித்தி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கங்காணி, மழை, துரை

யார் மெதுவாக ஓடச் சொல்கிறார்கள்? மூன்று பேர் இருக்கிறார்கள். எனக்கு இதைத் தோட்டத்துக் கணக்கில் சொன்னால்தான் மனதில் நிற்கும். தாத்தா செபராங் பிறையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.

முதலாமவர் கங்காணி. இன்றைக்கு எவ்வளவு வேலை, யார் எவ்வளவு வேகம் என்று பக்கத்தில் நின்று சொல்கிறவர். லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது அதன் மைய நிரலான கெர்னலின் ஒரு பகுதி; அந்தப் பகுதியின் பெயரே 'கவர்னர்'. வேலை குவிந்தால் "ஏற்று" என்கிறது, ஓய்ந்தால் "இறக்கு" என்கிறது.

இரண்டாவது மழை. மழை வந்தால் பால் வெட்டு நின்றுவிடும், கங்காணி எவ்வளவு கத்தினாலும். பிராசசருக்கு மழை என்பது வெப்பம். இந்த ஐ5 சில்லுக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. அதைத் தொட்டால் யாரையும் கேட்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே ஏறினால், கருகாமல் இருக்க ஒரேயடியாக அணைந்துவிடும்.

மூன்றாவது துரை. பங்களாவில் இருப்பார், முகம் தெரியாது, ஆனால் அவர் உத்தரவு வந்தால் கங்காணி சொன்னதெல்லாம் ரத்து. லேப்டாப்பில் துரை என்பது மதர்போர்டும், அதிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரும். சார்ஜர், பேட்டரி, விசிறி, போர்டில் ஆங்காங்கே உள்ள வெப்ப உணரிகள் எல்லாம் அவர் கண்காணிப்பில். எதிலாவது சந்தேகம் வந்தால், ஒரு கம்பி வழியாகப் பிராசசருக்கு "இறங்கு" என்று சொல்வார். பிராசசர் உடனே அடிமட்ட வேகத்துக்கு இறங்கிவிடும். லினக்ஸுக்கு இதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அதற்குத் தகவல்கூட வராது.

பார்ப்பது எப்படி

இனி டெர்மினல், அதாவது ஆணைகளைத் தட்டும் சாளரம். ஆணைகளை இங்கே காதில் விழுகிறபடி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஒவ்வொரு பெயரையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்; இரண்டு சொல்லாக வரும் கோப்பு, டிரைவர் பெயர்களில் நடுவில் அடிக்கோடு வரும்.

வேகத்தைப் பார்க்க எதையும் நிறுவ வேண்டாம். 'ப்ராக்' கோப்புறையில் 'சிபியுஇன்ஃபோ' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் கோருக்குக் கோர் விவரம் வரும். அதில் மெகாஹெர்ட்ஸ் என்ற சொல் வரும் வரிகள்தான் நமக்கு வேண்டியவை; அந்தச் சொல்லில் மட்டும் 'எம்', 'எச்' இரண்டும் பெரிய எழுத்து. 'கிரெப்' ஆணையால் அந்த வரிகளை மட்டும் பிரித்து, முன்னால் 'வாட்ச்' சேர்த்து ஓடவிட்டால் எண்கள் இரண்டு நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். நான்கு கோர் என்றாலும் எட்டு வரி வரும். ஒரு கோர் இரண்டு ஆளாகக் காட்டிக்கொள்வதால் அப்படி.

அடுத்து, வேலை கொடுக்க வேண்டும். சும்மா இருக்கும் ஆளின் வேகத்தை அளந்து பயனில்லை. இதற்கென்று பெரிய மென்பொருள்கள் உண்டு, ஆனால் எனக்குப் பிடித்தது 'யெஸ்' என்ற பழைய ஆணை. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: 'ஒய்' என்ற எழுத்தை முடிவே இல்லாமல் அச்சிட்டுக்கொண்டே இருப்பது. வெளியீட்டை 'டெவ்' கோப்புறையிலுள்ள 'நல்' என்ற குப்பைத்தொட்டிக்குத் திருப்பிவிட்டால், திரையில் ஒன்றும் தெரியாது, பிராசசர் மட்டும் நாயாய் உழைக்கும். வேறொரு டெர்மினலில் ஓடவிட்டு எண்களைப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்பில் ஏதாவது ஒரு வரி சட்டென்று 3,000க்கு மேல் ஏறும். நிறுத்த, கண்ட்ரோல் விசையோடு சி.

வெப்பத்துக்கு 'சென்சார்ஸ்'. 'எல்எம்-சென்சார்ஸ்' என்ற தொகுப்பில் வரும். உபுண்டு போன்ற லினக்ஸ் வடிவங்களை வினியோகங்கள் என்பார்கள்; அவற்றில் சிலவற்றில் ஏற்கெனவே இருக்கும். கோர் ஒவ்வொன்றின் டிகிரியையும் எல்லையையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டும்.

இந்த மூன்றும் போதும்: வேலை கொடு, வேகம் பார், சூடு பார். வேலை கொடுத்தும் வேகம் குறைவாக, சூடு 95க்கு மேல் என்றால் மழை. வேகம் குறைவு, சூடும் குறைவு என்றால் கங்காணியோ துரையோ. வேகம் முழுதாக இருக்கிறது, ஆனாலும் லேப்டாப் இழுக்கிறது என்றால் குற்றவாளி பிராசசரே அல்ல. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அக்கா மகள் லேப்டாப்பில் எட்டு வரியும் 399, 400, 399 என்று நின்றன. 'யெஸ்' ஓடவிட்டேன். அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது 'யெஸ்'. ம்ஹூம். சூடு பார்த்தால் 44 டிகிரி. மதியம் இரண்டு மணிக்கு, மின்விசிறிக் காற்றில், வேலை செய்கிற லேப்டாப்புக்கு 44 டிகிரி என்பது படுத்துத் தூங்குகிற ஆளின் உடம்புச் சூடு. மழை இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

கங்காணியை விசாரிப்பது

அடுத்து கங்காணி. 'சிபியுபவர்' என்ற கருவிக்கு 'ஃபிரீக்வென்சி-இன்ஃபோ' என்று துணைச்சொல் கொடுத்தால், எந்த டிரைவர் (கெர்னல் பிராசசரின் வேகத்தைக் கையாள உதவும் நிரல்), எந்தக் கவர்னர், குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் சொல்லிவிடும். அந்தக் கருவி இல்லையென்றால் 'சிஸ்' கோப்புறைக்குள் 'டிவைசஸ்', 'சிஸ்டம்', 'சிபியு', 'சிபியு0', 'சிபியுஃப்ரெக்' என்று இறங்கிப் போனால் 'ஸ்கேலிங்' என்று தொடங்கும் கோப்புகளில் அதே விவரம் இருக்கும். அங்கே எண்கள் கிலோஹெர்ட்ஸில். 3400000 என்று இருந்தால் 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று படியுங்கள்.

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். கவர்னர் பெயர் 'பவர்சேவ்' என்று இருக்கும். ஆகா, இதுதான் மெதுவாக்குகிறது என்று துள்ளி, இணையத்தில் யாரோ எழுதியதைப் பார்த்து 'பர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றிவிடுவார்கள். லேப்டாப் அதே வேகத்தில் இருக்கும், பேட்டரிதான் சீக்கிரம் காலியாகும்.

காரணம், ஒரே பெயரில் இரண்டு கங்காணிகள். 'ஏசிபிஐ-சிபியுஃப்ரெக்' என்ற பழைய டிரைவரில் 'பவர்சேவ்' என்றால் நிஜமாகவே அடிமட்ட வேகத்தில் கட்டிப்போடும். ஆனால் இரண்டாம் தலைமுறைக் கோர் வரிசையிலிருந்து இன்டெல் பிராசசர்கள் பெரும்பாலும் 'இன்டெல் பிஸ்டேட்' என்ற டிரைவரில் ஓடுகின்றன. 2013இல் கெர்னல் 3.9இல் வந்தது. அதில் 'பவர்சேவ்' என்பது வேலைக்கு ஏற்ப முழு உச்சம்வரை ஏறி இறங்கும் சாதாரண நிலை. பெயர் வைத்தவரைக் கையில் பிடித்தால் கேட்க எனக்கு நாலு கேள்வி இருக்கிறது. ஆகவே முதலில் டிரைவர் எது என்று பாருங்கள், அப்புறம் கவர்னர் பெயரைப் பார்த்துப் பயப்படலாமா என்று முடிவு செய்யுங்கள். ஏஎம்டி லேப்டாப் என்றால் 'ஏஎம்டி பிஸ்டேட்' இருக்கலாம். அது 2022இல் கெர்னல் 5.17இல் சேர்ந்தது. அதற்கு முந்தைய கெர்னலில் பழைய 'ஏசிபிஐ' டிரைவர்தான்.

கங்காணி நிஜமாகவே குற்றவாளியாக இருப்பது வேறு இடங்களில். திரையின் மேல் வலது மூலையில், வைஃபை இருக்கும் அதே மெனுவில், 'பவர் மோட்' என்று ஒன்று இருக்கிறதா? பேட்டரி குறைந்தபோது 'பவர் சேவர்' என்று தட்டிவிட்டு மறந்துபோனவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்; நானும் ஒருவன். அதைப் 'பேலன்ஸ்ட்' என்று மாற்றினால் முடிந்தது. டெர்மினலில் 'பவர்புரொஃபைல்ஸ்சிடிஎல்' என்று தட்டினாலும் இதே விவரம் வரும். அது சில சமயம் காரணத்தையும் சொல்லும்: சூடு அதிகம், அல்லது, சிரிக்காதீர்கள், லேப்டாப் யாருடைய மடியிலோ இருக்கிறது. சில மாடல்களில் மடியை உணரும் கருவியே இருக்கிறது. தொடை சுடக்கூடாது என்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இன்னொரு வழக்கமான சிக்கல், ஒரு தோட்டத்துக்கு மூன்று கங்காணி. உபுண்டுவோடு 'பவர்-புரொஃபைல்ஸ்-டீமன்' ஏற்கெனவே இருக்கும். பேட்டரி நிற்கவில்லை என்று 'டிஎல்பி' போடுவார்கள். யாரோ சொன்னார்கள் என்று 'ஆட்டோ-சிபியுஃப்ரெக்' வேறு. ஒருவர் ஏற்றுவார், ஒருவர் இறக்குவார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். எதை வைப்பது என்றால், தொடக்கக்காரருக்கு நான் சொல்வது வினியோகத்தோடு வந்ததையே.

'இன்டெல் பிஸ்டேட்' கோப்புறையில் 'நோ டர்போ' என்று ஒரு கோப்பு உண்டு. அதில் 1 என்று இருந்தால் டர்போ அணைந்திருக்கிறது. இந்த ஐ5 அப்போது அடிப்படை வேகத்தை ஒட்டியே நின்றுவிடும். 0 இருந்தால் சரி.

அக்கா மகள் லேப்டாப்பில் டிரைவர் 'இன்டெல் பிஸ்டேட்', அதிகபட்சம் 3400000, 'நோ டர்போ' 0, பவர் மோட் 'பேலன்ஸ்ட்'. கங்காணி "ஓடு ஓடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிராசசர்தான் 400ஐ விட்டு அசையவில்லை. அப்படியென்றால் பங்களாவிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது.

பங்களாவின் உத்தரவு

"சார்ஜரைக் கழட்டு" என்றேன்.

"பேட்டரி 60தான் மாமா இருக்கு."

"பரவாயில்ல, கழட்டு."

கழற்றினாள். இரண்டு நொடி ஒன்றும் இல்லை. அடுத்த முறை எண்கள் மாறியபோது 2894, 3100, 3192 என்று எட்டு வரியும் நிமிர்ந்தன. பின்னால் மூன்று 'யெஸ்' இன்னும் ஓடிக்கொண்டுதானே இருந்தது. விசிறி உறுமத் தொடங்கியது. சார்ஜரை மறுபடி செருகச் சொன்னேன். 400, 399, 400. விசிறி அடங்கிப்போனது. அவள் அதை நாலைந்து தரம் செருகிக் கழற்றி விளையாடினாள்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. பழைய சார்ஜரின் ஒயர் நாய் கடித்து அறுந்துவிட்டதாம். பசார் மாலாமில், இரவுச் சந்தையில், 35 வெள்ளிக்கு ஒன்று வாங்கியிருக்கிறாள். முனை பொருந்தியது, விளக்கு எரிந்தது, போதும் என்று விட்டுவிட்டாள். லேப்டாப்பைப் போடும்போதெல்லாம் கறுப்புத் திரையில் ஏதோ எச்சரிக்கை வருமாம், அதைப் படிக்காமல் என்டர் தட்டிவிட்டுப் போய்விடுவாளாம். அந்த எச்சரிக்கை சொன்னது, சார்ஜரின் வகையை அறிய முடியவில்லை என்று.

சில நிறுவனங்களின் சார்ஜர் முனையில், நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது மின்சாரத்துக்கு அல்ல, அடையாளத்துக்கு. "நான் 65 வாட்" என்று சார்ஜர் அதன் வழியாகத்தான் லேப்டாப்பிடம் சொல்கிறது. அடையாளச் சில்லு இல்லாத மலிவுச் சார்ஜரிலும், ஊசி வளைந்துபோன அசல் சார்ஜரிலும் அந்தப் பதில் வராது. துரை என்ன நினைப்பார்? யாரென்றே தெரியாதவனிடம் முழுச் சுமையையும் ஏற்றினால் தீப்பிடித்தாலும் பிடிக்கும், பிராசசரே, இறங்கு. சில மாடல்களில் பேட்டரியும் ஏறாது. யுஎஸ்பி-சி லேப்டாப்புகளில் ஊசி இல்லை, ஆனால் பேச்சுவார்த்தை உண்டு. 65 வாட் கேட்கிற லேப்டாப்பில் 20 வாட் போன் சார்ஜரைச் செருகிவிட்டு, ஏன் மெதுவாக இருக்கிறது என்று கேட்டால் இதே கதைதான்.

துரை அனுப்பும் அந்தச் சைகைக்கு 'ப்ராக்ஹாட்' என்று பெயர்; பிராசசர் சூடு என்பதன் சுருக்கம். சூடானால் பிராசசர் வெளியே சொல்ல இருந்த கம்பி அது. அதே கம்பியில் வெளியிலிருந்து உள்ளேயும் சொல்லலாம் என்று ஆக்கியதால்தான், 44 டிகிரியில் இருக்கும் சில்லு சூடு தாங்காதது போல நடிக்கிறது.

சார்ஜர் சரியாக இருந்தும் இப்படி நடந்தால் சில படிகள் உண்டு. லேப்டாப்பை முழுக்க அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்து, துரைக்குப் பழைய கோபம் மறந்துபோகலாம். வேடிக்கையாகச் சொன்னாலும் பல தடவை இது வேலை செய்திருக்கிறது. அடுத்து ஃபர்ம்வேர் புதுப்பிப்பு. 'எஃப்டபிள்யுயுபிடி' வழியாகப் பல லேப்டாப்புகளுக்கு லினக்ஸிலிருந்தே போடலாம். பேட்டரி உப்பியிருந்தாலோ, செத்திருந்தாலோ அதுவும் காரணமாகலாம். உப்பியிருந்தால் விளையாடாதீர்கள், அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இணையத்தில் தேடினால் பிராசசரின் உள்ளே ஒரு பிட்டை மாற்றி, இந்தச் சைகையைக் காதில் வாங்காமல் இருக்கச் செய்யும் வித்தை கிடைக்கும். 'செக்யூர் பூட்' என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்கினால் கெர்னல் அதை விடாது. விட்டாலும் நான் செய்ய மாட்டேன், உணரி பழுது என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர. பிராசசர் தன் சொந்தச் சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும். போர்டிலுள்ள மற்ற பாகங்களுக்கும் அந்த 35 வெள்ளிச் சார்ஜருக்கும் அப்படி ஒரு காவல் இல்லை.

மழைக்காலம்

உண்மையைச் சொன்னால், நம்மூரில் துரையைவிட மழைதான் அதிகம், அதாவது வெப்பம்.

லேப்டாப்பின் விசிறி பிராசசரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையைவிட எத்தனை டிகிரி அதிகம் என்பதுதான் விசிறியின் கையில் இருக்கிறது. முழு வேலையில் அறையைவிட 65 டிகிரி அதிகம் ஏறும் லேப்டாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 டிகிரி ஏர்கோன் அறையில் அது 87இல் நிற்கும், பிரச்சினை இல்லை. ஏர்கோன் இல்லாத வீட்டில் மதியம் 32 டிகிரி. அதே லேப்டாப், அதே வேலை, 97. இன்னும் கொஞ்சம் தூசி சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடும். "காலேஜ்ல நல்லா ஓடுது மாமா, வீட்டுக்கு வந்தாதான் மெதுவாகுது" என்று பிள்ளைகள் சொன்னால் வைரஸ் என்று தேடாதீர்கள். சூடு பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. சூட்டுக்காக எத்தனை முறை வேகம் குறைக்கப்பட்டது என்று இன்டெல் லேப்டாப்பில் கெர்னல் கணக்கு வைத்திருக்கிறது. 'சிபியு0' கோப்புறைக்குள் 'தெர்மல் த்ராட்டில்' என்ற கோப்புறையில் 'கவுண்ட்' என்று முடியும் கோப்புகள். 'யெஸ்' ஓடவிடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் வழக்கு முடிந்தது. கெர்னலின் குறிப்புகளைக் காட்டும் 'டிஎம்இஎஸ்ஜி' ஆணையிலும், கோர் சூடு எல்லையைத் தாண்டியதால் வேகம் குறைக்கப்பட்டது என்ற வரி வரும்.

வைத்தியம் பெரும்பாலும் மென்பொருளில் இல்லை. மெத்தை மேல், தலையணை மேல் வைத்து ஓட்டினால் அடிப்பக்கக் காற்றுத் துளை மூடிப்போகும்; முதலில் மேசைக்கு வாருங்கள். அப்புறம் தூசி. பின்மூடியைக் கழற்றினால் விசிறிக்கும் செம்புக் குழாயின் முனையிலுள்ள தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் இருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, உள்ளே இன்னும் இறுகும். விசிறியைக் கழற்றி எடுக்க வேண்டும். ஒருமுறை அந்த இடத்தில் இரண்டு பல்லி முட்டை பார்த்தேன். சூடான இடம் தேடி வந்த தாயைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாறு வருடம் ஆன லேப்டாப் என்றால் சில்லுக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கும். கை நடுங்காதவர்கள் தாங்களே மாற்றலாம். மற்றவர்கள் கொம்தார் பக்கம் ஏதாவது கடையில் கொடுத்து, கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள்.

தூசி, பசை எல்லாம் சரிசெய்த பிறகும் ஒன்றைப் பார்த்துக் குழம்புவீர்கள். வேலை தொடங்கியதும் 3,200. அரை நிமிடத்தில் 2,400க்கு இறங்கி அங்கேயே நிற்கும். சூடு 75தான். இது கோளாறு அல்ல. இந்த வகைச் சில்லுக்கு நீண்ட நேரத்துக்கான மின் அளவு 15 வாட். கொஞ்ச நேரம், வழக்கமாக 28 நொடி போல, அதைத் தாண்டிச் செலவு செய்ய விட்டு, அப்புறம் 15க்கு இழுத்துப் பிடிப்பார்கள். பெட்டியில் போட்ட 3.4 ஓட்டப்பந்தய வேகம், நாள் முழுதும் நடக்கிற வேகம் அல்ல.

வேகம் சரி, லேப்டாப் மட்டும் மெதுவாக

அக்கா மகளுக்கு ஜார்ஜ்டவுனிலேயே அசல் சார்ஜர் கிடைத்தது, 110 வெள்ளி. செருகியதும் 3,000க்கு மேல் ஏறியது, கறுப்புத் திரை எச்சரிக்கையும் போய்விட்டது. சாயங்கால ஃபெரியில் சிரித்துக்கொண்டே போனாள்.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. "மாமா, மறுபடியும்." இந்தத் தடவை நான் சொல்வதற்கு முன்பே எண்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 2980, 3050, 3011. சூடு 71. பிராசசர் நிரபராதி.

'டாப்' ஆணையைத் தட்டி, மேலே மூன்றாவது வரியில் 'டபிள்யுஏ' என்ற எழுத்துகளுக்கு முன்னால் என்ன எண் என்று கேட்டேன். 58 என்றாள். பிராசசர் வேலை செய்த நேரம் அல்ல அது. டிஸ்க்கிலிருந்து ஏதோ வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த நேரத்தின் விழுக்காடு. கீழே நினைவகக் கணக்கில் 4 ஜிபி முழுதும் நிறைந்து, 'ஸ்வாப்' என்ற இடத்தில் இன்னும் 3 ஜிபி வழிந்திருந்தது. நினைவகத்தில் இடம் இல்லாமல் டிஸ்க்கில் எழுதுவதும் எடுப்பதுமாக நாள் ஓடுகிறது. அதுவும் சுழலும் பழைய டிஸ்க்.

"பிரவுசர்ல எத்தனை டேப் திறந்திருக்க?"

கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை. எண்ணிக்கொண்டிருந்திருப்பாள்.

"நாற்பத்தி மூணு. ஆனா எல்லாமே அசைன்மெண்டுக்கு, மாமா."

முப்பதை மூடச் சொன்னேன். பத்து வெள்ளி மாதம் சேர்த்து வைத்தால் வருட முடிவில் ஒரு எட்டு ஜிபி நினைவகக் குச்சி வாங்கலாம் என்றும் சொன்னேன். குச்சியை நானே வாங்கித் தருவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பார்ப்போம், தீபாவளிக்கு.